இடையில் பட்ட கறையும் கர்ப்பச் சோதனைக்குரிய நாளும்

கேட்டவருக்கு வயது 27. திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. மாதவிடாய் 30 முதல் 33 நாள்களுக்கு ஒரு முறை வருவது வழக்கம். கடைசியாக ஜூன் 3-ஆம் தேதி தொடங்கி ஐந்து நாள்கள் இருந்தது. கணவர் வெளியூரில் வேலை பார்ப்பவர். ஜூன் 20 முதல் 22 வரை வீட்டில் இருந்தார். ஜூன் 25, 26 ஆகிய இரண்டு நாள்களும் உள்ளாடையில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறை பட்டது. நாப்கின் நனையும் அளவுக்கு இல்லை. ஜூன் 28 காலையில் மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைக் கிட்டில் சோதித்தபோது ஒரே கோடுதான் வந்தது. மாமியார், "இது தூரம்தான், தலைக்கு ஊற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவோ, கரு தங்கும்போது அப்படித்தான் பொட்டுப் பொட்டாகப் படும் என்கிறார். யார் சொல்வது சரி, மறுபடி எப்போது சோதிப்பது என்பதே அவருடைய கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். அந்தக் கறை மாதவிடாய் அல்ல; ஆகவே அதை மாதவிடாயாகக் கணக்கில் எழுத வேண்டாம். அது கரு தங்கியதற்கான அடையாளமாக இருப்பதற்கும் உங்கள் தேதிகளில் இடமில்லை. ஜூன் 28 அன்று வந்த ஒற்றைக் கோட்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. அது "இல்லை" என்ற விடையன்று, கேட்கக் கூடாத நாளில் கேட்ட கேள்வி. ஜூலை 7 அன்றும் மாதவிடாய் வராமல் இருந்தால் காலையில் எழுந்ததும் ஒரு முறை சோதியுங்கள். அன்றும் ஒரே கோடு வந்து, மாதவிடாயும் வரவில்லையென்றால் ஜூலை 13 அன்று மறுபடி சோதியுங்கள். அன்று வருகிற விடையை நம்பலாம். இதற்கிடையே அடிவயிற்றில் வலி, குறிப்பாக ஒரு பக்கமாக வலி ஏற்பட்டால் இந்தத் தேதிகளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தத் தேதிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் புரிந்துகொண்டால், இனி எந்த மாதத்திலும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு மாதச் சுழற்சியில் கருமுட்டை வெளிவரும் நாள்தான் கணக்குக்கு அடிப்படை. அதற்கு முன்னுள்ள காலம் பெண்ணுக்குப் பெண்ணும் மாதத்துக்கு மாதமும் நீளும், குறுகும். அதற்குப் பின்னுள்ள காலம் பெரும்பாலும் 14 நாளை ஒட்டியே இருக்கும், இரண்டு மூன்று நாள்கள் கூடலாம், குறையலாம். அதனால்தான் "மாதவிடாய் வந்த 14-ஆம் நாளில் முட்டை வெளிவரும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்துகிறது. உங்களுக்கு அடுத்த மாதவிடாய் ஜூலை 3 முதல் 6 வரையிலான நாள்களில் வரவேண்டும். அங்கிருந்து 14 நாள்கள் பின்னோக்கி எண்ணினால் ஜூன் 19-க்கும் 22-க்கும் இடையில் முட்டை வெளிவந்திருக்கும் என்று கொள்ளலாம். கணவர் வீட்டில் இருந்த நாள்களும் அவையே என்பதால் கர்ப்பத்துக்கான வாய்ப்பு இந்த மாதம் நன்றாகவே இருக்கிறது.

விந்தணுவும் கருமுட்டையும் சேர்ந்த அன்றே கரு கருப்பையில் ஒட்டிவிடுவதில்லை. கருக்குழாயில் உருவான கரு, செல்களாகப் பிரிந்துகொண்டே நகர்ந்து, கருப்பையை அடைந்து, அதன் உட்சுவரில் பதிய வேண்டும். முட்டை வெளிவந்ததிலிருந்து இதற்கு 6 முதல் 12 நாள்கள் வரை ஆகும். அமெரிக்காவின் வட கரோலினாவில், கருத்தரிக்க முயன்ற பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்துச் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 1999-இல் வெளிவந்தது. அதன்படி, ஆறு வாரங்களுக்கு மேல் நிலைத்த கர்ப்பங்களில் 84 விழுக்காட்டில் கரு பதிந்தது 8, 9, 10-ஆம் நாள்களில்தான். பதிந்த பிறகே எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. தொடக்கத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் அது, ஏறத்தாழ இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. கடையில் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவை சிறுநீரில் மில்லி லிட்டருக்கு 20 அல்லது 25 மில்லி யூனிட் அளவுக்கு அந்த ஹார்மோன் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது கோட்டைக் காட்டும்.

இப்போது உங்கள் தேதிகளை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முட்டை ஜூன் 20 அன்றே வெளிவந்து அன்றே கரு உருவாகியிருந்தாலும், அது பதியக்கூடிய மிக முந்தைய நாள் ஜூன் 26. பெரும்பாலும் ஜூன் 28 முதல் 30 வரை. கறை படத் தொடங்கியது ஜூன் 25. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொல்வது அன்பினால் சொல்வதாக இருந்தாலும் இங்கே பொருந்தவில்லை. ஜூன் 28 காலையில், கரு பதிந்திருந்தால்கூட அப்போதுதான் பதியத் தொடங்கியிருக்கும்; சிறுநீரில் கிட் கண்டுபிடிக்கும் அளவுக்கு எதுவும் சேர்ந்திருக்க முடியாது.

அப்படியானால் அந்தக் கறை எதனால் பட்டது என்று கேட்பீர்கள். உங்கள் விஷயத்தில் நான் கவனமாக எண்ணிப் பார்ப்பது ஒரு வாய்ப்பை. முட்டை வெளிவரும் நாள்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவு சற்றே சரியும்போது சில பெண்களுக்குக் கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிதளவு இரத்தம் கசியும். இந்த மாதம் ஏதோ ஒரு காரணத்தால், தூக்கக்கேடு, காய்ச்சல், பயணம், மன உளைச்சல் என எதுவாகவும் இருக்கலாம், முட்டை வெளிவருவது தள்ளிப்போய் ஜூன் 25-ஐ ஒட்டி நிகழ்ந்திருந்தால் அந்தக் கறைக்கு அதுவே விளக்கமாகும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்கள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. ஜூன் 22 அன்று சேர்ந்த விந்தணு ஜூன் 25 அன்று வெளிவரும் முட்டைக்காகக் காத்திருக்க முடியும். அப்படி நடந்திருந்தால் கரு பதிவது ஜூலை 1-க்கும் 7-க்கும் இடையில்; ஜூலை 7 காலையில் கிட் "இல்லை" என்று சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம். ஜூலை 13 என்று நான் இரண்டாவதாக ஒரு தேதியைக் கொடுத்தது இதற்காகத்தான். அது கடைசியாக உறவு கொண்ட ஜூன் 22-லிருந்து சரியாக 21-ஆம் நாள். முட்டை முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும், கர்ப்பம் என்றால் அதற்குள் சிறுநீரில் தெரிந்துவிடும்.

இந்த 21 நாள் கணக்கைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் நாள் தள்ளிப்போன முதல் நாளிலிருந்து சோதிக்கலாம். ஆனால் மேலே சொன்ன அதே ஆய்வுத் தொடரில், மாதவிடாய் வரவேண்டிய நாளன்று பத்தில் ஒரு கர்ப்பத்தில் கரு இன்னும் பதிந்திருக்கவே இல்லை என்பது தெரியவந்தது. எத்தனை நுட்பமான கிட்டாக இருந்தாலும் பதியாத கருவைக் காட்ட முடியாது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் இந்தப் பிழை பெருமளவு குறைந்துவிடுகிறது. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு கோளாறு போன்றவற்றால் 40 நாள், 60 நாள் என்று மாறி மாறி வருபவர்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், கருச்சிதைவுக்குப் பின் இன்னும் ஒழுங்குக்கு வராதவர்களுக்கும் "நாள் தள்ளிப்போவது" என்ற அளவுகோலே கிடையாது. அவர்களுக்குக் கடைசி உறவிலிருந்து 21 நாள் என்ற கணக்கு ஒன்றுதான் நம்பகமானது.

நம் மொழியில் கர்ப்பமாக இருப்பவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்கிறோம். மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளிக்கும் வழக்கம் இருந்த வீடுகளில், அந்தக் குளியல் நின்றுபோனதே கர்ப்பத்தின் முதல் செய்தியாக இருந்தது. அழகான சொல், நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் "இரத்தம் பட்டதா, இல்லையா" என்ற ஒன்றின் மேலேயே நிற்கிறது. பட்டுவிட்டால் கர்ப்பம் இல்லை என்று வீடு முடிவுசெய்துவிடுகிறது. உங்கள் மாமியார் சொன்னதும் அந்த வழக்கத்திலிருந்து வந்ததே. உண்மையில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறிதளவாவது இரத்தம் படுகிறது; அவர்களில் பலர் நல்லபடியாகவே குழந்தை பெறுகிறார்கள். இன்னும் குறிப்பாகச் சொல்வதானால், வட கரோலினா ஆய்வில் பங்கேற்றவர்களில் 151 பேரின் கர்ப்பத்தை எடுத்துக்கொண்டு 2003-இல் வெளியிட்ட முடிவில், 14 பேருக்கு முதல் எட்டு வாரங்களுக்குள் இரத்தம் பட்டிருந்தது. அது பெரும்பாலும் மாதவிடாய் வழக்கமாக வரவேண்டிய நாளை ஒட்டியே பட்டிருந்தது. கரு பதிந்த நாளில் பட்டது மிக அரிது. அந்த 14 பேரில் 12 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. "கரு பதியும்போது இரத்தம் கசியும்" என்று எங்கும் எழுதப்படுவதற்கு வலுவான சான்று கிடையாது என்பதையும், மாதவிடாய் நாளில் பட்டதாலேயே அது மாதவிடாய் ஆகிவிடாது என்பதையும் இந்த ஒரே ஆய்வு காட்டிவிடுகிறது.

ஆகவே, வரவேண்டிய நாளில் வந்தாலும், வழக்கத்தைவிடக் குறைவாக, நிறம் மாறி, ஓரிரு நாளில் நின்றுபோகும் இரத்தத்தை முழு மாதவிடாயாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனை ஒன்றில் நான் பணியில் இருந்த ஓர் இரவில், வயிற்றுவலி என்று ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். குளித்துப் பத்து நாள்தான் ஆகிறது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று உடன் வந்தவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அந்தப் பெண் தன் வலது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே வெளிறிக் கிடந்தது. நாடி மிக வேகமாக ஓடியது. அவருடைய சிறுநீரில் மூன்று சொட்டைக் கிட்டில் விட்டதும் இரண்டு கோடுகளும் தெளிவாக வந்தன. கரு கருக்குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்திருந்தது. பத்து நாளுக்கு முன் அவர் கண்டது மாதவிடாய் அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் நலமாக வீடு திரும்பினார். ஆனால் கறை பட்ட அந்த வாரத்திலேயே ஒரு சோதனை செய்திருந்தால், குழாய் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை.

இந்த நிலையைக் கருக்குழாய்க் கர்ப்பம் அல்லது இடம் மாறிய கர்ப்பம் என்கிறோம். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி அமைகின்றன. சிறிதளவு கறை, ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், மலம் கழிக்கும்போது அடியில் அழுத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றுக்குள் கசியும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால்தான் வலி தோளில் தெரிகிறது. தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. முன்பு ஒரு முறை இப்படி நேர்ந்தவர்கள், இடுப்புக்குழியில் தொற்று வந்தவர்கள், காப்பர்-டி போட்டிருக்கும்போதே கருத்தரித்தவர்கள் ஆகியோருக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டாவது பிரசவத்தோடு அந்த அறுவையைச் செய்துகொண்ட பெண்கள் மிகப் பலர். அதன் பிறகு கருத்தரிப்பது அரிது. ஆனால் தரித்தால் அது குழாயில் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே" என்று எண்ணி, நாள் தள்ளிப்போய் இடையில் கறை பட்டதையும் வலியையும் பொருட்படுத்தாமல் இருப்பது ஆபத்தானது. அவர்களும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அட்டைப் பெட்டியின் மேல் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொட்டலத்தைச் சோதிக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். முந்தைய இரவே பிரித்து வைத்தால் காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். இரவு முழுவதும் தேங்கிய முதல் சிறுநீரில் ஹார்மோன் செறிவு அதிகம் என்பதால் காலையில் எழுந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன், சுத்தமான உலர்ந்த கிண்ணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே தரும் சிறு உறிஞ்சுகுழலால் அட்டையில் உள்ள வட்டக் குழியில், பெட்டியில் எழுதியுள்ள எண்ணிக்கைப்படி, பெரும்பாலும் மூன்று சொட்டுகள், ஒவ்வொன்றாக விடுங்கள். குழி நிரம்பி வழியும்படி விட்டால் கோடுகள் கலங்கிப்போகும். அட்டையைச் சமதளத்தில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். முதலில் "சி" என்று குறித்த இடத்தில் கோடு வரவேண்டும். அது வராவிட்டால் அட்டையே பழுது, வேறொன்றில் செய்ய வேண்டும். "டி" என்ற இடத்தில், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், நிறத்தோடு ஒரு கோடு ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் அது கர்ப்பம் என்றே பொருள். மங்கலான கோடு என்பது "அரைக் கர்ப்பம்" அன்று. ஹார்மோன் இன்னும் குறைவாக இருக்கிறது என்பதே அதன் பொருள், இரண்டு நாள் கழித்துச் சோதித்தால் கோடு அடர்ந்திருக்கும். அடராமல் மேலும் மங்கிக்கொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கழித்துச் சாம்பல் நிறத்தில் தென்படும் கீற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது சிறுநீர் காய்ந்த தடம். குப்பைக்கூடையிலிருந்து மாலையில் எடுத்துப் பார்த்துவிட்டு மனம் கலங்கி வருபவர்கள் பலர் உண்டு.

சிறுநீரில் சர்க்கரை, உப்பு, பற்பசை ஆகியவற்றைக் கலந்து பார்க்கும் முறைகளை யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். அவற்றில் எதுவும் எச்.சி.ஜி. ஹார்மோனைக் கண்டறிவதில்லை. மருந்துக்கடைக்குச் செல்லக் கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்; அங்கே இந்தச் சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மருத்துவர் தேவையென்று கருதினால் இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. அளவைப் பார்ப்பார். அது கிட்டைவிடச் சில நாள்கள் முந்தியே காட்டும் என்பதோடு, அளவை எண்ணாகவே சொல்லிவிடும். 48 மணி நேர இடைவெளியில் இரு முறை எடுத்துப் பார்த்தால் கர்ப்பம் சரியாக வளர்கிறதா என்பதையும் ஊகிக்கலாம். குழந்தைப் பேற்றுச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும், ஊசியின் ஹார்மோனே பத்துப் பதினான்கு நாள்கள் வரை இரண்டாவது கோட்டைக் காட்டக்கூடும். அவர்கள் மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளுக்கு முன் வீட்டில் சோதித்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மாத்திரைகளால் படும் கறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இடைக்கறைக்கு மிகப் பொதுவான காரணங்களில் அதுவும் ஒன்று. கேட்டால்தான் பலரும் நினைவுகூர்கிறார்கள். திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் வீடு என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டெரோன் மாத்திரை போட்டுக்கொள்வது நம் ஊரில் மிகச் சாதாரணம். ஒரு வேளை மறந்தாலும் கறை படலாம். நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் மாதவிடாய் வரும். ஒரு வாரம் ஆகியும் வரவில்லையென்றால் சோதிக்க வேண்டும். நாள் தள்ளிப்போடப் போடும் அந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அன்று என்பதைப் பலர் அறிவதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கறை படுவது சாதாரணம். அதைக் கண்டதும் "மாத்திரை வேலை செய்துவிட்டது" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்தக் கறை எதையும் உறுதிசெய்வதில்லை. அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முந்தலாம், பிந்தலாம். உறவு கொண்ட நாளிலிருந்து 21-ஆம் நாளில் சோதிப்பதே வழி. தினசரிக் கருத்தடை மாத்திரையைத் தொடங்கிய முதல் மூன்று மாதங்களிலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசிக்குப் பிறகும், காப்பர்-டி பொருத்திய தொடக்க மாதங்களிலும் அவ்வப்போது கறை படுவது எதிர்பார்க்க வேண்டியதே. அதனால் அஞ்சி மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம்.

சோதனையில் கர்ப்பம் இல்லை என்று உறுதியாகி, இடைக்கறை மட்டும் தொடர்ந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் இரண்டு நாள் பட்டு நின்றுவிட்டால் கவலை இல்லை. மூன்று மாதங்கள் தொடர்ந்து பட்டாலோ, கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுதலோ காய்ச்சலோ சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது மட்டும் ஒரு முறை வந்தாலும் காட்ட வேண்டிய ஒன்று. பெரும்பாலும் கருப்பை வாயில் உள்ள அழற்சியோ சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆயினும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும், அது சூட்டினால் வந்தது என்று சொல்லி மோர் குடித்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

காத்திருக்கும் இந்த நாள்களில் என்ன செய்வது என்றும் நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மார்பு கனப்பது, அடிவயிறு இழுப்பது, சோர்வு, எரிச்சல் ஆகியவற்றை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். மாதவிடாய்க்கு முன்பும் கர்ப்பத் தொடக்கத்திலும் சுரப்பது புரொஜெஸ்டிரோன் என்ற அதே ஹார்மோன் என்பதால் இரண்டிலும் உடல் ஒரே மாதிரி உணரும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர் என்றால் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கிவிடுங்கள். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள், அதாவது பலர் கர்ப்பம் என்று அறிந்துகொள்வதற்கு முன்பே, மூடிவிடுகிறது. வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைப் போடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் நாள் தள்ளிப்போகும் நிலையில் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பப்பாளியும் எள்ளும் தின்பதால் மாதவிடாய் வந்துவிடுவதில்லை. "வரவழைக்கும் மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் வேண்டாம். கர்ப்பமா என்று தெரியாமல் போடக் கூடிய மருந்துகள் அல்ல அவை. ஒருவேளை கர்ப்பம் உறுதியாகி, அதைத் தொடர விருப்பமில்லாத நிலையில் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், கருக்கலைப்பு மாத்திரையை நேரடியாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் அதைப் போட்டால், குழாயில் இருக்கும் கரு அப்படியே வளரும். மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு அதை மறைத்துவிடும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-இல் அதற்கு வந்த திருத்தமும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி தருகின்றன. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

உங்களுக்கு ஜூலை 7 அல்லது 13 அன்று இரண்டு கோடுகள் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளைத்தான். அதிலிருந்து 280 நாள்களை எண்ணித்தான் பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனுக்கும், அதன் பிறகு வரும் சோதனைகளுக்கும் நாள் குறிக்க முதலில் அந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஜூன் 25 என்று சொல்லிவிட்டால் மூன்று வாரங்கள் தவறிப்போகும். முதல் ஸ்கேனிலேயே குழந்தை "வயதுக்கு மீறி வளர்ந்திருப்பதாக"த் தெரிந்து எல்லோரும் குழம்ப நேரிடும். மாமியாரிடம் வாதாட வேண்டியதில்லை. அவர் விருப்பப்படி தலைக்கு ஊற்றிக்கொள்வதால் எந்தக் கெடுதலும் வராது. நாள்காட்டியில் மட்டும் ஜூன் 3-க்கு எதிரே "மாதவிடாய்" என்றும், ஜூன் 25, 26-க்கு எதிரே "பழுப்புக் கறை, வலி இல்லை" என்றும் எழுதி வைத்து, மருத்துவரிடம் செல்லும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின்போது இரத்தம் பட்டால், தாயின் உடல் குழந்தையின் இரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் முடிவுசெய்ய அது உதவும்.